எல்லை கடந்த அளவுகோல்

நுழையும்முன்

ஆற்றின் நீர்மட்டத்தை அறியக் கரைக்குச் சென்று அளவுகோலைப் பார்க்க வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கம். அந்தக் கரை வேறொரு நாட்டில் இருந்தால் என்ன செய்வது? வானம் முழுவதும் மேகம் மூடியிருந்தால் எவ்வாறு காண்பது? ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து ரேடார் அலைகளை அனுப்பி நீரின் உயரத்தை அளக்கும் நுட்பம், வெள்ளத்தோடு வாழும் ஒரு நாட்டுக்குச் சில நாள்களை ஈட்டித் தந்த வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

மேலிருந்து வரும் நீர்

வங்கதேசம் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலால் உருவான நாடு. கங்கை அங்குப் பத்மா என்றும் பிரம்மபுத்திரா ஜமுனா என்றும் பெயர் பெறுகின்றன. இரண்டும் ஒன்றுகூடி, பின்னர் மேக்னாவுடன் கலந்து வங்கக் கடலை அடைகின்றன. இந்த மூன்று ஆறுகளுக்கும் நீர் வழங்கும் நிலப்பரப்பு ஏறத்தாழ 17 இலட்சம் சதுர கிலோமீட்டர். அதில் வங்கதேசத்துக்குள் இருப்பது 7 அல்லது 8 விழுக்காடுதான். எஞ்சியது இந்தியா, நேபாளம், பூட்டான், சீனா ஆகிய நாடுகளில் விரிந்து கிடக்கிறது. இமயத்தின் சரிவுகளில் பெய்யும் மழையும் அசாமிலும் பீகாரிலும் பெய்யும் மழையும் இறுதியில் இந்தச் சிறிய நாட்டின் வழியாகவே கடலுக்குச் சென்றாக வேண்டும்.

ஆண்டுதோறும் வரும் வெள்ளம் அந்நாட்டு உழவர்களுக்குப் புதியதன்று. வயலுக்கு வண்டலையும் குட்டைகளுக்கு மீனையும் தருவது அதுவே. ஆகவேதான் வழக்கமாக வந்து போகும் வெள்ளத்தைப் ‘பொர்ஷா’ என்றும், வரம்பு மீறி அழிவு செய்யும் வெள்ளத்தைப் ‘பொன்னா’ என்றும் வங்காள மக்கள் வெவ்வேறு சொற்களால் குறிக்கின்றனர். 1998ஆம் ஆண்டில் வந்தது இரண்டாம் வகை. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீரில் மூழ்கியது. இரண்டு மாதங்களுக்கும் மேலாக வெள்ளம் நீடித்தது.

வெள்ளத்தைத் தடுப்பது அத்தகைய சமவெளியில் இயலாத செயல். அது வரும் நாளை முன்னரே அறிவதுதான் இயலும். வங்கதேச நீர்வள மேம்பாட்டு வாரியத்தின்கீழ் 1972இல் வெள்ள முன்னறிவிப்பு மற்றும் எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. ஆறுகள் நாட்டுக்குள் நுழைந்து பாயும் இடங்களில் அளவீட்டு நிலையங்கள் உள்ளன. கங்கையின்மீது 1915இல் திறக்கப்பட்ட ஹார்டிஞ்ச் பாலத்தருகே உள்ளதும், ஜமுனாவின் கரையில் பகதூராபாதில் உள்ளதும் அவற்றுள் முதன்மையானவை. பணியாளர் நாளுக்குப் பலமுறை அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தைக் குறித்து அனுப்புவார். அதைக் கொண்டு, நாட்டின் உட்பகுதிகளில் நீர் எவ்வளவு உயரும் என்பதை மையம் கணித்துச் சொல்லும். ஆனால் எல்லையருகே அளவுகோலில் நீர் ஏறத் தொடங்கும்போது வெள்ளம் வாசற்படிக்கு வந்துவிட்டது என்று பொருள். இம்முறையில் நம்பகமாகச் சொல்ல முடிந்தது ஏறத்தாழ மூன்று நாள்களுக்கு மட்டுமே.

மூன்று நாளும் எட்டு நாளும்

மூன்று நாள்களில் ஒரு குடும்பம் தன்னைக் காத்துக்கொள்ளலாம். தன் உடைமையைக் காப்பது அரிது. ஆற்றின் நடுவே வண்டல் சேர்ந்து உண்டான மணல்திட்டுகளில் இலட்சக்கணக்கான மக்கள் வாழ்கின்றனர். ‘சர்’ எனப்படும் அத்திட்டுகளிலிருந்து மாடுகளைப் படகேற்றி மேட்டு நிலத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விளைந்தும் விளையாமலும் நிற்கும் நெல்லை அறுப்பதா விடுவதா என முடிவு செய்ய வேண்டும். அறுப்புக்கு ஆள் தேட வேண்டும். விதைநெல்லைப் பரண்மேல் ஏற்ற வேண்டும். இவையெல்லாம் நாள்கள் தேவைப்படும் வேலைகள்.

கூடுதல் நாள்களின் மதிப்பு என்ன என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் வெப்ஸ்டரின் குழுவினர், ஐரோப்பிய வானிலை மாதிரிகளின் மழைக் கணிப்பைக் கொண்டு பத்து நாள் முன்னறிவிப்பை உருவாக்கியிருந்தனர். 2007இல் பெருவெள்ளம் வந்தபோது, சோதனைக்காகத் தேர்ந்த சில ஊர்களுக்கு அந்த எச்சரிக்கை முன்னதாகவே எட்டியது. மக்கள் பயிரை முன்கூட்டியே அறுத்தனர். கால்நடைகளை மேட்டுக்கு மாற்றினர். மீன் வளர்க்கும் குளங்களைச் சுற்றி வலை கட்டினர். குளம் நிரம்பி வழியும்போது மீன் வெளியேறாதிருக்கக் கட்டிய அந்த வலை, எந்த அறிவியல் அறிக்கையையும்விட எளிதாக நாள்களின் விலையை உணர்த்திவிடும்.

மழைக் கணிப்பு என்பது இனி வரப்போகும் நீரைப் பற்றிய மதிப்பீடு. பெய்த மழை ஏற்கெனவே ஆற்றில் சேர்ந்து, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கி வந்துகொண்டிருக்கும் போது, அந்த நீரையே நேராக அளக்க முடிந்தால் ஐயத்தின் ஒரு பகுதி நீங்கும். ஆனால் அந்த நீர் வேறு நாட்டில் இருக்கிறது. ஆற்றுத் தரவு என்பது நாடுகளுக்கிடையே எளிதில் கைமாறும் பொருளன்று. நீர்ப்பங்கீட்டுப் பேச்சுகளில் ஒவ்வொரு எண்ணும் ஒரு வாதமாகிவிடும் என்ற தயக்கம் உலகெங்கும் உண்டு. மழைக்காலத்தில் இந்தியா சில நிலையங்களின் அளவுகளை வங்கதேசத்துக்கு வழங்கி வருகிறது. எனினும் எட்டு, பத்து நாள்களுக்கு முன் எச்சரிக்க வேண்டுமாயின் ஆற்றின் போக்கில் இன்னும் நெடுந்தொலைவு மேலேறிப் பார்க்க வேண்டியிருந்தது.

கிணற்றில் விழுந்த கல்

பாழுங்கிணற்றின் ஆழத்தை அறிய விரும்பும் சிறுவன் கல்லொன்றைப் போட்டு, ஓசை கேட்கும்வரை எண்ணுகிறான். செயற்கைக்கோளில் பொருத்தப்பட்ட உயரமானி செய்வதும் அடிப்படையில் அதுவே. கல்லுக்குப் பதிலாக அது ரேடார் துடிப்பைச் செங்குத்தாகக் கீழே அனுப்புகிறது. துடிப்பு நீர்ப்பரப்பில் பட்டு எதிரொலித்துத் திரும்புகிறது. சென்று திரும்பிய காலத்தைப் பாதியாக்கி, ஒளியின் வேகத்தால் பெருக்கினால் இடைத்தொலைவு கிடைக்கும். செயற்கைக்கோள் எந்த உயரத்தில் பறக்கிறது என்பது வேறு வழிகளில் துல்லியமாகத் தெரியும். அந்த உயரத்திலிருந்து இடைத்தொலைவைக் கழித்தால் எஞ்சுவது நீர்ப்பரப்பின் உயரம்.

கணக்கு எளியது, அளவீடு எளியதன்று. 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து புறப்படும் துடிப்பு சென்று திரும்ப எடுக்கும் காலம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. நீர்மட்டம் ஒரு செண்டிமீட்டர் மாறினால் அந்தக் காலத்தில் ஏற்படும் வேறுபாட்டை அறிய, ஒரு நொடியை இலட்சம் கோடிப் பகுதிகளாகப் பிரித்து அவற்றில் ஏறத்தாழ 67 பகுதிகளை எண்ண வேண்டும். வழியில் உள்ள காற்றும் துடிப்பைத் தாமதப்படுத்துகிறது. உலர்ந்த காற்றால் மட்டும் தொலைவு ஏறத்தாழ 2.3 மீட்டர் கூடுதலாகத் தோன்றும். காற்றிலுள்ள நீராவி மேலும் பல செண்டிமீட்டர் பிழையைச் சேர்க்கும். மேல் வளிமண்டலத்தின் மின்னூட்டத் துகள்களால் ஏற்படும் தாமதத்தை, இரு வேறு அதிர்வெண்களில் துடிப்புகளை அனுப்பி ஒப்பிட்டு நீக்குவர். இவ்வாறு ஒவ்வொன்றாகத் திருத்திய பின்னரே நீர்மட்டம் நீர்மட்டமாகத் தெரியும்.

இவ்வளவு இடர்ப்பாடுகளுக்கும் ஈடாக ரேடாருக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. ஒளிப்படக் கருவிக்கு மேகம் திரையாகிவிடும். இரவில் அது குருடு. ரேடார் அலை மேகத்தை ஊடுருவிச் செல்லும். அதற்குப் பகல் இரவு என்ற வேறுபாடில்லை. வெள்ளம் வரும் காலம் மேகம் மூடும் காலமே என்பதால் இச்சிறப்பு இன்றியமையாததாகிறது.

கடலுக்காகச் செய்தது

இக்கருவிகள் ஆறுகளுக்காக உருவாக்கப்பட்டவையல்ல. கடலை ஆராயவென்றே அமெரிக்கா 1978 சூன் மாதத்தில் ‘சீசாட்’ என்னும் செயற்கைக்கோளை அனுப்பியது. மின்சுற்றில் ஏற்பட்ட பழுதால் ஏறத்தாழ 105 நாள்களில் அது செயலிழந்தது. அந்தக் குறுகிய காலத்தில் அது திரட்டிய தரவுகளே, விண்ணிலிருந்து கடல்மட்டத்தை அளக்க முடியும் என்பதை ஐயமின்றிக் காட்டின. அமெரிக்காவும் பிரான்சும் இணைந்து உருவாக்கிய ‘டோபெக்ஸ்/பொசைடன்’ 1992 ஆகஸ்டு 10 அன்று ஏவப்பட்டது. ஏறத்தாழ பத்து நாள்களுக்கு ஒருமுறை ஒரே தடத்தின்மீது திரும்ப வரும்படி அதன் பாதை அமைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ‘ஜேசன்’ வரிசையில் மூன்று செயற்கைக்கோள்கள் 2001, 2008, 2016 ஆகிய ஆண்டுகளில் அதே பாதையில் ஏவப்பட்டன. உலகக் கடல்மட்டம் 1993க்குப் பிறகு ஏறத்தாழ 10 செண்டிமீட்டர் உயர்ந்துள்ளது என்று இன்று உறுதியாகச் சொல்லப்படுவது இந்தத் தொடர் அளவீட்டின் பயனாகும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவும் பிரான்சும் இணைந்து உருவாக்கிய ‘சரல்’ செயற்கைக்கோள் 2013 பிப்ரவரி 25 அன்று பி.எஸ்.எல்.வி. சி20 ஏவூர்தி வாயிலாக ஏவப்பட்டது. அதிலிருந்த ‘ஆல்டிகா’ என்னும் உயரமானி, முந்தைய கருவிகளைவிடக் குறைந்த அலைநீளமுடைய ரேடார் அலையை முதன்முதலாகப் பயன்படுத்தியது. அது புறப்பட்ட ஸ்ரீஹரிகோட்டா, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே அமைந்த தீவாகும்.

ஆற்றின்மேல் கடக்கும் கோடு

கடலின்மேல் பறக்கும் பாதை நிலத்தின்மேலும் தொடர்கிறது. போகிற வழியில் ஏரியோ ஆறோ குறுக்கிட்டால் அங்கிருந்தும் எதிரொலி வரும். தொடக்கத்தில் கடல் ஆய்வாளர்கள் இந்த நிலத்து எதிரொலிகளைப் பயனற்றவை என ஒதுக்கினர். பிறர் ஒதுக்கியதை நீரியல் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டனர். செயற்கைக்கோளின் தடம் ஆற்றைக் கடக்கும் ஒவ்வோர் இடத்தையும் அவர்கள் ஓர் அளவீட்டு நிலையமாகக் கருதினர். அங்கே கம்பம் இல்லை, காவலர் இல்லை, நிலத்துக்கு உரியவரின் இசைவும் தேவையில்லை. ஆதலால் அதற்கு ‘மெய்நிகர் நிலையம்’ என்று பெயர் வந்தது.

ஆறு கடலைப் போன்றதன்று. கடல் எங்கும் நீர். துடிப்பு எங்கு விழுந்தாலும் நீரிலேயே விழும். உயரமானியின் துடிப்பு தரையை அடையும்போது பல கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடுகிறது. அந்த வட்டத்துக்குள் ஆறும் கரையும் மரமும் வயலும் ஒருசேர அடங்கிவிடும். பிரம்மபுத்திராவோ ஒற்றைக் கால்வாயாக ஓடுவதில்லை. பின்னிய சடை போலப் பல கிளைகளாகப் பிரிந்து, மணல்திட்டுகளைச் சுற்றிவந்து மீண்டும் கூடுகிறது. ஆண்டுக்காண்டு இடம் மாறுகிறது. சென்ற ஆண்டு நீர் இருந்த இடத்தில் இந்த ஆண்டு மணல் இருக்கும். கலந்து வரும் எதிரொலிகளிலிருந்து நீரின் எதிரொலியை மட்டும் பிரித்தெடுக்கத் தனிக் கணிப்பு முறைகள் தேவைப்பட்டன. எல்லா முயற்சிக்குப் பின்னும் கடலில் கிடைக்கும் துல்லியம் ஆற்றில் கிடைப்பதில்லை.

எனினும் கிடைத்தது போதுமா என்பதே கேள்வி. 2011இல் சில்வெயின் பியன்கமாரியா, ஃபைசல் ஹொசைன், டென்னிஸ் லெட்டன்மெயர் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு இக்கேள்விக்கு விடை தேடியது. இந்திய நிலப்பரப்பில் கங்கையையும் பிரம்மபுத்திராவையும் டோபெக்ஸ்/பொசைடன் கடந்த இடங்களின் நீர்மட்டங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். மேலே ஆறு இவ்வளவு உயர்ந்திருந்தால், எத்தனை நாள் கழித்துக் கீழே எவ்வளவு உயரும் என்ற தொடர்பைப் பழைய பதிவுகளிலிருந்து வகுத்தனர். வங்கதேச எல்லையருகே ஐந்து நாள்களுக்கு முன் சொல்லும் கணிப்பில் பிழை ஏறத்தாழ 40 செண்டிமீட்டர். பத்து நாள்களுக்கு முன் எனில் 60 முதல் 80 செண்டிமீட்டர்.

40 செண்டிமீட்டர் என்பது சமவெளியில் சிறிய பிழையன்று. திண்ணைவரை நீர் நிற்பதற்கும் வீட்டுக்குள் புகுவதற்கும் இடையிலான வேறுபாடு சிலவேளை அவ்வளவுதான். ஆனால் மழைக்காலத்தில் பல மீட்டர் ஏறி இறங்கும் ஆறுகள் அவை. பெருவெள்ளம் வருகிறதா, வழக்கமான ஏற்றமா என்பதைப் பிரித்தறிய அந்த அளவு துணைசெய்யும்.

ஆய்வு நடைமுறைக்கு வரச் சில ஆண்டுகள் பிடித்தன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹொசைனின் குழு, நாசாவின் ‘செர்வீர்’ திட்டம், காத்மாண்டுவில் உள்ள பன்னாட்டு ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டு மையம், டாக்காவில் உள்ள நீர் மாதிரியாக்க நிறுவனம் ஆகியவை இப்பணியில் இணைந்தன. ஜேசன்-2 ஆற்றைக் கடந்த ஓரிரு நாள்களில் அதன் அளவு கணினியை அடையும். அதைக் கொண்டு எல்லையில் நீர்மட்டம் கணிக்கப்படும். அங்கிருந்து நாட்டின் உட்பகுதிகளுக்கான நீர்மட்டங்கள் ஆற்று மாதிரியின் வழியே பெறப்படும். 2014ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் எட்டு நாள் முன்னறிவிப்பு நடைமுறையில் இயங்கியது. வங்கதேச வல்லுநர்களுக்கு அதற்கான பயிற்சியும் அளிக்கப்பட்டது. தரவு வெளிநாட்டுச் செயற்கைக்கோளுடையதாயினும் அன்றாடக் கணிப்பைச் செய்யும் கை உள்நாட்டுடையதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அது முற்றிலும் சரியான எண்ணம். வல்லுநர் விமானமேறிய மறுநாள் நின்றுபோன திட்டங்கள் வளரும் நாடுகளில் ஏராளம்.

இம்முறையால் ஆகாதவையும் உண்டு. ஒரே தடத்துக்குத் திரும்ப வரச் செயற்கைக்கோளுக்குப் பத்து நாள்கள் ஆகும். பேராறுகளின் வெள்ளம் மெல்ல ஏறி மெல்ல வடிவதாலும், ஒரே ஆற்றைப் பல தடங்கள் வெவ்வேறு நாள்களில் கடப்பதாலும் இந்த இடைவெளி அங்கே தாங்கக்கூடியதாகிறது. மேகாலய மலைகளில் பெய்த மழை சில மணி நேரத்தில் வங்கதேசத்தின் வடகிழக்குத் தாழ்நிலங்களில் பாய்ந்து, அறுவடைக்கு நிற்கும் நெல்லை மூழ்கடிக்கும் திடீர் வெள்ளத்துக்கு உயரமானி உதவாது. அது கடந்து செல்வதற்குள் வெள்ளமும் கடந்திருக்கும்.

காட்டுக்குள் மறைந்த நீர்

உயரமானிக்குப் பாதையின் நேர்கீழே உள்ள ஒரு கோடு மட்டுமே தெரியும். கோட்டுக்கு இருபுறமும் பரவிக்கிடக்கும் வெள்ளம், அதிலும் மரங்களின் அடியில் மறைந்து நிற்கும் நீர் எவ்வாறு மாறுகிறது? தென் அமெரிக்காவின் அமேசான் வெள்ளச் சமவெளியில் இக்கேள்விக்கு வேறொரு வழியில் விடை கிடைத்தது. 1994 அக்டோபரில் ‘எண்டெவர்’ விண்வெளி ஓடத்திலிருந்த ரேடார், ஒரே பகுதியை ஒருநாள் இடைவெளியில் இருமுறை நோக்கியது. சாய்வாகச் செல்லும் அலை இலைகளை ஊடுருவி, நீர்ப்பரப்பில் பட்டு, அங்கிருந்து மரத்தின் தண்டில் மோதி, வந்த வழியே திரும்பும். நீர் ஏறினாலோ இறங்கினாலோ அலை கடக்கும் தொலைவு மாறும். அதனால் திரும்பும் அலையின் கட்டமும் மாறும். இரு நாள்களின் கட்டங்களை ஒப்பிட்டு, பரப்பு முழுவதும் நீர்மட்டம் எவ்வளவு மாறியது என்பதைச் செண்டிமீட்டர் அளவில் கண்டனர். டக்ளஸ் ஆல்ஸ்டார்ஃபும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் இதனை வெளியிட்டனர். முதன்மை ஆற்றுக்கு 20 கிலோமீட்டருக்குள் நீர்மட்டம் ஒரே நாளில் 7 முதல் 11 செண்டிமீட்டர் குறைந்திருந்தது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி இருந்த இடங்களில் 2 முதல் 5 செண்டிமீட்டர்தான் குறைந்திருந்தது. வெள்ளச் சமவெளி தொட்டி போல ஒருசேர நிரம்பி ஒருசேர வடிவதில்லை என்பதை இவ்வெண்கள் காட்டின. திறந்த நீரில் இம்முறை பலிக்காது. அலையைத் திருப்பியனுப்ப மரத்தண்டு வேண்டும் என்பது இதன் விந்தை.

கட்டங்களை ஒப்பிடும் அந்தக் கருத்தே 2022 டிசம்பர் 16 அன்று ஏவப்பட்ட ‘ஸ்வாட்’ செயற்கைக்கோளில் வேறு வடிவம் பெற்றது. நாசாவும் பிரெஞ்சு விண்வெளி நிறுவனமும் கனடா, பிரிட்டன் ஆகியவற்றின் பங்களிப்போடு உருவாக்கிய அதில், 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு அலைவாங்கிகள் உள்ளன. ஒரே எதிரொலியை இரண்டும் ஒரே நேரத்தில் பெறுவதால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையிலான கட்ட வேறுபாட்டிலிருந்து நீர்ப்பரப்பின் உயரம் கிடைக்கும். கோடாக இருந்த பார்வை, 120 கிலோமீட்டர் அகலமுள்ள பட்டையாக விரிந்தது. 100 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளும், ஏறத்தாழ ஆறு ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகளும் அதன் கணக்கில் வருகின்றன. முழுச் சுற்றை முடிக்க அதற்கு 21 நாள்கள் ஆவதால், அன்றாட வெள்ள எச்சரிக்கைக்கு அதை மட்டுமே நம்பியிருக்க முடியாது.

செயற்கைக்கோள் தரும் எண் தானே முழுமையன்று. ஆற்றின் ஆழமும் படுகையின் வடிவும் அதற்குத் தெரியா. மேற்பரப்பு மட்டுமே தெரியும். மேலே உள்ள நீரின் உயரத்துக்கும் கீழே வரப்போகும் நீரின் உயரத்துக்கும் இடையிலான தொடர்பை வகுக்க, கீழே பல ஆண்டுகள் தவறாது எடுக்கப்பட்ட பதிவுகள் வேண்டும். மழைக்காலம்தோறும் ஆறு தன் படுகையை மாற்றுவதால் அத்தொடர்பை மீண்டும் மீண்டும் சரிபார்க்கவும் வேண்டும். ஆகவே ஹார்டிஞ்ச் பாலத்தருகிலும் பகதூராபாதிலும் பணியாளர் இன்றும் கரைக்குச் சென்று, அளவுகோலைத் தொட்டுநிற்கும் நீரின் மட்டத்தைப் படித்துக் குறித்து வருகின்றனர்.